பந்தைப் பார்க்காமல் ஆஸ்திரியாவைப் பார்ப்பது எப்படி

கால்பந்தில் பிரஸ்ஸிங், அதாவது பந்து வைத்திருக்கும் எதிரணியை நெருக்கிப் பந்தைப் பறிக்கும் உத்தி, புரியவில்லை என்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, மேட்ச் பார்க்கும்போது உங்கள் கண் எங்கே இருக்கும் என்பதைத்தான். பந்தின் மேல்தான் என்பார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் பார்த்தேன். 2024 யூரோ கோப்பையில் ரால்ஃப் ராங்னிக் பயிற்சியளித்த ஆஸ்திரியா அந்தப் பழக்கத்தை மாற்றியது.

பழகிக்கொள்ள, அவர்கள் பெர்லினில் நெதர்லாந்தை 3-2 என்று ஜெயித்த ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஹைலைட்ஸ் வேண்டாம். அதில் கோல்தான் இருக்கும், கோலுக்கு முன்னால் எதிரணிக்கு விரித்த வலை இருக்காது. முழு ஆட்டத்தின் முதல் 35 நிமிடத்தை மட்டும் பாருங்கள்.

பந்து நெதர்லாந்தின் பின்களத்தில் இருக்கும்போது, முன்வரிசையில் நிற்கும் ஆர்னாட்டோவிச்சைக் கவனியுங்கள். இந்த இடத்தில் ஆடுபவர் பந்தைப் பறிக்கவே வருகிறார் என்று நினைக்கத் தோன்றும். அது அவருடைய முதல் வேலை இல்லை. வளைந்து ஓடி வந்து ஒரு பக்கத்தை அடைப்பதுதான் வேலை. கோழியை நேராகத் துரத்தினால் பிடிக்க முடியுமா? மூலைக்கு ஒதுக்க வேண்டும். பந்து டச்லைன் ஓரம் நிற்பவரிடம் போனதும் மூலை தயார்: ஒரு பக்கம் கோடு, மற்ற பக்கமெல்லாம் ஆள்.

எப்போது பாய்கிறார்கள்? பின்னோக்கிப் போகும் பாஸ், காலில் ஒட்டாமல் தள்ளிப்போன பந்து, முதுகைக் காட்டிக்கொண்டு பந்து வாங்கும் ஆள். இதில் ஒன்று நடந்ததும் வீடியோவை நிறுத்தி, பந்தைச் சுற்றி எத்தனை பேர் என்று எண்ணுங்கள். ராங்னிக்கும் ஒருமுறை இப்படி எண்ணியவர்தான். 1980-களில் லோபனோவ்ஸ்கி பயிற்சியளித்த டைனமோ கீவ் அணிக்கு எதிராக ஒரு நட்பு ஆட்டம் ஆடியபோது, எதிரணியில் நிஜமாகவே 11 பேர்தான் இருக்கிறார்களா என்று எண்ணிப் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார்.

அடுத்து ஆஸ்திரியாவின் நடுகள வீரர் நிக்கோலஸ் சைவால்ட். எனக்கு மிகவும் பிடித்தவர், டிவியில் ரொம்பத் தெரியாதவர். முன்னால் இருப்பவர்கள் பாய்ந்ததும் அவர்களுக்குப் பின்னால் ஒரு குழி விழும். அந்தக் குழிக்கு வரும் பாஸை எடுக்க, அது கிளம்பும் முன்பே இவர் நகர ஆரம்பித்திருப்பார். ஐந்து நிமிடம் இவரை மட்டும் பாருங்கள்.

சரி, ஏன் 35 நிமிடம்? அந்த நிமிடத்தில் நெதர்லாந்து தன் நடுகள வீரர் யோய் வீர்மனை வெளியே எடுத்துவிட்டது. காயம் இல்லை. திரும்ப இடம் கிடைக்காமல் பந்தை இழந்துகொண்டே இருந்தார், பாவம். முதல் பாதி முடியும்வரை கூடக் காத்திருக்கவில்லை.

பந்தை இழந்தால் 8 வினாடிக்குள் திரும்பப் பறிக்க வேண்டும் என்பது ராங்னிக்கின் பழைய கணக்கு. நீங்களும் வாய்விட்டு எண்ணுங்கள். நான் எண்ணியபோது பக்கத்தில் இருந்த அண்ணன் மகன், "சித்தப்பா, மந்திரம் சொல்றீங்களா?" என்றான். எட்டைத் தாண்டினால் அணி பின்வாங்கி வரிசை கட்ட வேண்டும். தாமதித்தால் அடி விழும். இரண்டாம் பாதி தொடங்கியதுமே நடுகளத்தில் பந்து பறிபோய், நெதர்லாந்தின் காக்போ கோல் அடித்தது அப்படித்தான்.

தேசிய அணிக்கு வருடத்தில் சில வாரங்கள்தான் பயிற்சி. இவ்வளவும் கற்றுக்கொள்ள நேரம் ஏது? சைவால்ட், லைமர், சபிட்சர், பவும்கார்ட்னர் எல்லோரும் ஜெர்மனியின் லைப்சிக் கிளப்பில் ஆடியவர்கள். ராங்னிக் முன்பு வேலை பார்த்து, இந்தப் பாணியை ஊன்றிவிட்டு வந்த இடம் அது. பாடம் பாதி படித்துவிட்டே வந்தார்கள்.

அப்புறம், துருக்கியிடம் 1-2 என்று தோற்று வெளியேறிய ஆட்டத்தையும் பாருங்கள். ஒரு நிமிடம் முடியும் முன்பே டெமிரால் கோல் அடித்துவிட்டார். முன்னிலை கிடைத்தவர்கள் பந்தைக் கொடுத்துவிட்டுப் பின்னால் உட்கார்ந்துகொண்டால் யாரைப் போய் நெருக்குவது? டெமிராலின் இரண்டு கோலும் கார்னரில் வந்தவை. அங்கே இந்த பிரஸ்ஸிங் வலைக்கு வேலையே இல்லை. கடைசி நேரத்தில் பவும்கார்ட்னர் தலையால் முட்டியதை கோல்கீப்பர் குனோக் பாய்ந்து தட்டிய காட்சிக்கு மட்டும், தாராளமாகப் பந்தையே பாருங்கள்.