லேப்டாப் ஸ்டிக்கர்: எதை நம்பலாம், எதை உரிக்கலாம்

புது லேப்டாப் மேல் வரும் பிளாஸ்டிக் உறையையே மாதக்கணக்கில் பிரிக்காமல் வைத்திருக்கும் ஆட்கள் நாம். கீபோர்டுக்குக் கீழே, கை படும் இடத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்களை மட்டும் உரித்துவிடுவோமா என்ன? என் சித்தப்பா 2012-இல் வாங்கிய லேப்டாப்பில் இன்டெல் ஸ்டிக்கரும் விண்டோஸ் 7 ஸ்டிக்கரும் அப்படியே இருக்கின்றன. ஓரமெல்லாம் கறுத்து, வியர்வையில் பிசின் வெளியே வந்து, சட்டைக் கையில் ஒட்டுகிறது. எடுத்துவிடலாமே என்றால், "அதை எடுத்தா வாரன்டி போயிடும்டா" என்பார். வாரன்டி போய்ப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. இதே சித்தப்பாதான், லேப்டாப்புக்கு அடியில் இருந்த சின்னச் சீட்டுகளைப் பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று நகத்தால் சுரண்டி எடுத்தவர்.

செய்தது அத்தனையும் தலைகீழ். மேலே ஒட்டியிருப்பது விளம்பரம், அடியில் ஒட்டியிருப்பதுதான் சான்று. ஸ்டிக்கர் விஷயத்தில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வருகின்றன.

விளம்பரம் என்றால் யாருடைய விளம்பரம்? லேப்டாப் செய்த கம்பெனியுடையது அல்ல, அதன் உள்ளே மூளையாக இருக்கும் சில்லைச் (புராசஸரை) செய்தவர்களுடையது. ஒரு காலத்தில் இன்டெல் சில்லுகளுக்குப் பெயர் கிடையாது, எண்தான்: 286, 386, 486. போட்டியாளரான ஏஎம்டியும் தன் சில்லை 386 என்றே விற்கப் பார்த்தது. இன்டெல் நீதிமன்றம் போனது. 386 என்பது பொதுப்பெயர், அதை இன்டெல் தன் வணிகச்சின்னமாகச் சொந்தம் கொண்டாட முடியாது என்று 1991 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. எண்ணைக் காப்பாற்ற முடியாவிட்டால் கம்பெனிப் பெயரையே மக்கள் மனதில் ஏற்றிவிடுவது என்று முடிவு. அந்த வருடமே 'இன்டெல் இன்சைடு' திட்டம் தொடங்கியது.

அதன் சூட்சுமம் பணத்தில் இருக்கிறது. கம்ப்யூட்டர் கம்பெனிகள் தன்னிடம் சில்லு வாங்கும் தொகையில் சில சதவீதத்தை இன்டெல் தனியாக ஒதுக்கி வைக்கும். அந்தக் கம்பெனி தன் விளம்பரத்தில் 'இன்டெல் இன்சைடு' சின்னத்தைப் போட்டால், விளம்பரச் செலவில் ஒரு பங்கு அந்த நிதியிலிருந்து கைக்கு வரும். லாபம் குறைந்த தொழிலில் இதை யார் வேண்டாம் என்பார்கள்? அந்த வருடக் கடைசிக்குள்ளேயே சுமார் 300 கம்பெனிகள் சேர்ந்துவிட்டன. நம் ஊர் மளிகைக் கடைகளுக்குக் குளிர்பானக் கம்பெனிக்காரர்கள் இலவசமாகப் பெயர்ப்பலகை போட்டுக் கொடுப்பார்கள் அல்லவா? பலகையில் முக்கால்வாசி குளிர்பானம், ஓரத்தில் பொடி எழுத்தில் 'ஸ்ரீ முருகன் ஸ்டோர்ஸ்'. அதே கணக்குதான் இது.

இதில் இன்டெலே ஒருமுறை மாட்டிக்கொண்டது. 1993-இல் பென்டியம் என்ற பெயரில் அடுத்த சில்லை வெளியிட்டார்கள். அடுத்த வருடம் தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர், பென்டியம் சில வகுத்தல் கணக்குகளைத் தப்பாகப் போடுகிறது என்று கண்டுபிடித்தார். சாதாரணமாக இது பொறியாளர்களுக்குள் பேசித் தீர்க்கிற விஷயம். ஆனால் பெட்டியின் மேலேயே இன்டெல் பெயர் இருக்கிறதே! கம்ப்யூட்டர் வாங்கிய கடைக்காரனைக் கேட்க வேண்டியவர்கள் நேராக இன்டெலைப் பிடித்துக்கொண்டார்கள். உண்மையில் தேவைப்படுகிறவர்களுக்கு மட்டும் மாற்றித் தருகிறோம் என்று முதலில் சொன்ன இன்டெல், டிசம்பரில் கேட்ட எல்லாருக்கும் மாற்றித் தருவதாக இறங்கி வந்தது. கணக்கில் எழுதிய நஷ்டம் 47.5 கோடி டாலர்.

2006-இல் இன்டெல் சில்லுக்கு மாறிய ஆப்பிள், இந்த ஸ்டிக்கரை மட்டும் தன் கம்ப்யூட்டரில் ஏற்றவே இல்லை. மேல்பக்கம் சுத்தமாக இருக்கிறது என்று ஆப்பிளின் மேக்புக் லேப்டாப்பைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்கள், மற்ற லேப்டாப்புகளின் விலை குறைவதில் அந்த விளம்பரப் பணத்துக்கும் பங்கு உண்டு என்பதையும் நினைத்துக்கொள்ளலாம்.

சரி, தவறுகளுக்கு வருவோம். முதலாவது, எல்லாரும் செய்வது: 'ஐ7' என்ற ஸ்டிக்கரைப் பார்த்ததும் இதுதான் வேகம் என்று முடிவு கட்டுவது. ஐ3, ஐ5, ஐ7 என்பவை வகுப்புப் பெயர்கள். ரயிலில் முதல் வகுப்பு என்பது எந்த ரயிலில், எந்த வருடத்துப் பெட்டியில் என்று தெரியாமல் என்ன அர்த்தம்? 2016-இல் வந்த ஐ7-7500யூ சில்லில் இரண்டே கோர்கள், அதாவது கணக்குப் போடும் பகுதிகள். அடுத்த வருடம் வந்த ஐ5-8250யூ-வில் நான்கு. பெயரில் சின்னதான ஐ5, பெரிய பெயர்க்காரரைச் சுலபமாக முந்தும். இன்னும் ஒன்று: இந்த எண்களின் முதல் இலக்கம், 7-உம் 8-உம், சில்லின் தலைமுறை. ஏழாம் தலைமுறைச் சில்லுகளில் ஒருசிலவற்றைத் தவிர மற்றவற்றுக்கு விண்டோஸ் 11 ஆதரவு கிடையாது, எட்டாம் தலைமுறைக்கு உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டதால், பழைய லேப்டாப் தேடுகிறவர்களுக்கு இந்த ஒரு எண் வித்தியாசம் பெரிய வித்தியாசம். ஸ்டிக்கரில் பெரிதாகத் தெரிவது ஐ7. கேட்க வேண்டியது அதற்குப் பின்னால் வரும் எண்ணை.

ஏஎம்டி பக்கம் எண்ணும் ஏமாற்றும். ரைசன் 5 7520யூ என்றால் 7000 வரிசை, புத்தம் புதுசு என்று தோன்றும். உள்ளே இருப்பது ஜென் 2, 2019-இல் அறிமுகமான வடிவமைப்பு. அந்த வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் வடிவமைப்பைச் சொல்லும், இங்கே அது 2. இதை எந்தக் கடைக்காரரும் தானாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

கேம் விளையாட வாங்குகிறவர்களுக்கு இதே பொறி, திரையில் படம் காட்டும் சில்லைச் செய்யும் என்விடியாவின் ஸ்டிக்கரில். ஆர்டிஎக்ஸ் 4060 என்ற ஒரே பெயரில் 35 வாட்டில் ஓடும் லேப்டாப்பும் உண்டு, 115 வாட்டில் ஓடுவதும் உண்டு. வாட் கூடினால் வேகமும் கூடும், ஆனால் ஸ்டிக்கர் இரண்டிலும் ஒன்றே. அதனால் வாட் எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள்.

செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது ஸ்டிக்கரைப் பார்க்கவே வேண்டாம். ஸ்டிக்கர்கள் தனியாக ஆன்லைனில் விற்கின்றன, யார் வேண்டுமானாலும் வாங்கி ஒட்டலாம். என் நண்பர் ஒருவர் ஐ7 என்று ஒட்டியிருந்ததை நம்பிக் காசு கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து பார்த்தால் ஐ3. கடையிலேயே பார்த்திருக்கலாம், அரை நிமிட வேலை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சில்லின் முழுப் பெயர், ரேம், டிஸ்க் எல்லாம் இருக்கும்.

ஸ்டிக்கரில் இருக்கும் வார்த்தையையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 2006-இல் மைக்ரோசாஃப்ட் 'விண்டோஸ் விஸ்டா கேப்பபிள்' என்றொரு ஸ்டிக்கரை அனுமதித்தது. விஸ்டா என்பது எக்ஸ்பிக்கு அடுத்த விண்டோஸ். அது வெளிவருவதற்கு முன்பே எக்ஸ்பி கம்ப்யூட்டர்களை விற்றுத் தீர்க்க வேண்டுமே! 'ஓடும்' என்று மக்கள் படித்தார்கள். ஓடியது அடிப்படைப் பதிப்பு மட்டும். விளம்பரங்களில் காட்டிய கண்ணாடி மாதிரியான ஏரோ திரை பல கம்ப்யூட்டர்களில் வரவே இல்லை. 2007-இல் வழக்கு வந்தது. வழக்கில் வெளியான உள் மின்னஞ்சல்களில், மைக்ரோசாஃப்ட்டின் உயரதிகாரி ஒருவரே இந்த ஸ்டிக்கரை நம்பி வாங்கி, 2,100 டாலர் கொடுத்து மின்னஞ்சல் பார்க்கும் பெட்டி ஒன்றை வாங்கிவிட்டதாகப் புலம்பியிருந்தார். அவருக்கே அந்தக் கதி.

அடுத்தது வாரன்டி பயம். கை வைக்கும் இடத்து விளம்பர ஸ்டிக்கரை உரித்தால் வாரன்டி போகும் என்பது வெறும் வதந்தி. குழப்பம் எங்கிருந்து வருகிறதென்றால், திருகாணி மேல் 'எடுத்தால் வாரன்டி ரத்து' என்று ஒட்டும் சீல் ஸ்டிக்கரிலிருந்து. இரண்டும் வேறு. அமெரிக்காவில் அந்த சீல் ஸ்டிக்கருக்கே கடிவாளம் உண்டு. அப்படி மிரட்டுவது பொதுவாகச் சட்டப்படி செல்லாது என்று 2018-இல் அங்குள்ள மத்திய வர்த்தக ஆணையம் கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதியது. நம் ஊரில் அதைக் காட்டி வாதாட முடியாது, அதனால் சீலைக் கிழிக்குமுன் வாரன்டி அட்டையைப் படித்துவிடுங்கள்.

உரிப்பதென்று முடிவெடுத்தால், அங்கேயும் சொதப்பலாம். நான் சொதப்பியிருக்கிறேன். பிளேடால் சுரண்டினால் கீறல் விழும் என்று தெரியும், அதனால் புத்திசாலித்தனமாக நெயில் பாலிஷ் ரிமூவரைத் தொட்டுத் தேய்த்தேன். பிசினோடு சேர்ந்து பிளாஸ்டிக்கின் மேல்பூச்சும் வந்தது. அதில் இருக்கும் அசிட்டோன் பல வகை பிளாஸ்டிக்கைக் கரைக்கும். பெயின்ட் கடைத் தின்னரும் அப்படித்தான். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, ஹேர் ட்ரையரை மிதமான சூட்டில் கொஞ்ச நேரம் காட்டி, பழைய ஏடிஎம் அட்டையின் ஓரத்தால் மெதுவாகத் தூக்கினால் போதும். மிச்சப் பிசினுக்குத் துணியில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய். எண்ணெயைத் துணியில்தான் விட வேண்டும், லேப்டாப் மேல் விட்டால் கீபோர்டுக்குள் இறங்கிவிடும். ஸ்டிக்கர் புதிதாக இருக்கும்போதே உரிப்பது நல்லது. வருடம் ஏற ஏறப் பிசின் கெட்டிப்படும், சுற்றிலும் நிறம் மாறி ஸ்டிக்கர் இருந்த இடம் மட்டும் சதுரமாகத் தெரியும்.

இப்போது அடிப்பக்கம். அங்கே சீரியல் எண் இருக்கிறது, சர்வீஸுக்குப் போனால் முதலில் கேட்பது அதைத்தான். இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் முத்திரை இருக்கிறது. லேப்டாப்புக்கும் அதன் சார்ஜருக்கும் இந்தப் பதிவு கட்டாயம், 2012-இல் போட்ட ஆணையில் தொடங்கியது. முத்திரையோடு ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண் வரும். அதை பிஐஎஸ் கேர் செயலியில் தட்டிப் பார்க்கலாம். லேப்டாப்பைவிட, தனியாக வாங்கும் மலிவு சார்ஜருக்கு இந்தச் சோதனை அவசியம். மேல்பக்கத்துப் பளபள ஸ்டிக்கரை ஆராய்கிறவர்கள் சார்ஜரைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை.

விண்டோஸ் 7 காலம் வரை அடியில் இன்னொன்றும் இருந்தது: விண்டோஸ் ஏற்றும்போது கேட்கும் 25 எழுத்துச் சாவி அச்சிட்ட சான்றுச் சீட்டு. விண்டோஸ் 8 முதல் சாவியை மதர்போர்டிலேயே பதித்துவிடுகிறார்கள், அதனால் புது லேப்டாப்பில் அந்தச் சீட்டு இல்லையே என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். யாராவது சாவிச் சீட்டை மட்டும் தனியாகச் சில நூறு ரூபாய்க்குக் கொடுத்தால் வாங்கவும் வேண்டாம். மென்பொருள் இல்லாமல் அதைத் தனியாக விற்க மைக்ரோசாஃப்ட் அனுமதிப்பதில்லை.

சித்தப்பா சுரண்டி எடுத்தவற்றில் அந்தச் சாவிச் சீட்டும் ஒன்று. 2018-இல் ஹார்ட் டிஸ்க் போனது. புது டிஸ்க் போட்டு விண்டோஸ் ஏற்ற உட்கார்ந்த சர்வீஸ்காரர் சாவி கேட்டார். லேப்டாப்பைத் திருப்பினால், அங்கே பிசின் தடம் மட்டும் இருந்தது. இப்போது அதில் லினக்ஸ் ஓடுகிறது. விண்டோஸ் 7 ஸ்டிக்கர் மேலே இன்னும் இருக்கிறது.