சேர்வராயன் மலை உயிரினங்களை இணைய வரைபடத்தில் குறிக்கும் முறை

சேலம் நகரத்து மதில்களில் வந்தமரும் சின்னான் பறவை பெரும்பாலும் வாலடியில் சிவப்புள்ள செங்குதச் சின்னான். ஏற்காட்டுக் காபித் தோட்டங்களுக்குள் நுழைந்தால் நிமிர்ந்த கொண்டையும் கன்னத்தில் சிவப்பும் கொண்ட செம்மீசைச் சின்னான் கண்ணில் படுகிறது. இந்த மாற்றம் மலையின் எந்த உயரத்தில் நிகழ்கிறது என்பதை வரைபடத்தில் கண்டுவிடலாம் என்றே பலரும் தொடங்குகிறார்கள். காணலாம்தான், ஆனால் வரைபடத்தில் விழுந்த புள்ளி பறவை இருந்த இடமா, பார்த்தவர் நின்ற இடமா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். பொத்தான்களை அழுத்துவது அரை மணி நேர வேலை. இந்தப் பிரித்தறிதலுக்குத்தான் நேரம் பிடிக்கும்.

தரவுக்கு, உலகெங்குமுள்ள உயிரினப் பதிவுகளைத் திரட்டித் தரும் ஜிபிஃப் (GBIF) தளத்திலிருந்து தொடங்குவது நல்லது. 2001இல் தொடங்கப்பட்டு, கோபன்ஹேகனைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் இந்தத் தளத்தில் பறவை பார்ப்போர் இ-பேர்டு தளத்தில் இடும் பட்டியல்கள், பொதுமக்கள் ஐ-நேச்சுரலிஸ்ட் தளத்தில் இடும் படப் பதிவுகள், உலர்தாவரக் கூடங்களின் பழைய மாதிரிகள் ஆகியவை ஒரே இடத்தில் கிடைக்கின்றன. பதிவுகளுக்கான தேடலில் செம்மீசைச் சின்னானின் அறிவியல் பெயரான பிக்னோநோடஸ் ஜோகோசஸ் (Pycnonotus jocosus) என்பதை இட்டு, வரைபடத்தில் வட அகலாங்கு 11.6 முதல் 11.95 வரையும், கிழக்கு நெட்டாங்கு 78.05 முதல் 78.35 வரையும் ஒரு செவ்வகம் வரையவும். சேலம் நகரமும் ஏற்காடும் அதற்குள் அடங்கிவிடும். இலவசக் கணக்கு ஒன்றைத் தொடங்கினால்தான் பதிவிறக்க முடியும். பெயரில் சிஎஸ்வி, அதாவது காற்புள்ளியால் பிரித்த அட்டவணை என்றிருந்தாலும் அந்தக் கோப்பில் காற்புள்ளிக்குப் பதிலாக டேப் இடைவெளிதான் இருக்கும். எக்செலில் நேரடியாகத் திறந்து, எல்லாம் ஒரே நெடுவரிசையில் கொட்டிக் கிடப்பதைக் கண்டு கோப்பு கெட்டுவிட்டதென்று நினைத்துவிட வேண்டாம். இறக்குமதி வழியாகத் திறந்து, டேப் என்று தெரிவுசெய்து, காற்புள்ளி வகையில் மீண்டும் சேமித்தால் போதும்.

இனி அந்த அட்டவணையை வரி வரியாகப் படிக்க வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது இடத் துல்லியமின்மையை மீட்டரில் சொல்லும் நெடுவரிசை. சமவெளியில் இரண்டு கிலோமீட்டர் பிழை பெரிதல்ல; ஆனால் 300 மீட்டருக்கும் குறைந்த உயரத்திலுள்ள சேலத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டுக்கு, நேர்க்கோட்டில் பார்த்தால் 15 கிலோமீட்டர் அளவே இருப்பதால், அதே இரண்டு கிலோமீட்டர் இங்கே முட்புதர்க் காட்டுப் பறவையைச் சோலைக்குள் கொண்டுபோய் வைத்துவிடும். எனவே 1,000 மீட்டருக்கு மேற்பட்ட பிழையுள்ள வரிகளை நீக்குவதே என் வழக்கம். இதில் ஒரு பொறி இருக்கிறது: இ-பேர்டு வரிகளில் அந்தக் கட்டம் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும். வெறுமையைச் சுழியம் என்று கொண்டால், பல கிலோமீட்டர் நடந்து எழுதிய பட்டியலின் பறவைகள் யாவும் ஏரிக்கரையின் ஒரே புள்ளியில் துல்லியமாக நின்றதாகிவிடும்; வெறுமையானவற்றை நீக்கினாலோ பறவைத் தரவில் பெரும்பகுதி போய்விடும். அவற்றைத் தனி அடுக்காக வைத்து வேறு நிறம் தருவதே நேர்மையான வழி.

செடிகளின் பழைய மாதிரிகளில் சிக்கல் வேறு. 'சேலம் மாவட்டம்' என்று மட்டும் எழுதப்பட்ட 1930ஆம் ஆண்டு மாதிரி ஒன்று ஓசூர்ப் பக்கத்திலிருந்தும் வந்திருக்கலாம். ஏனெனில் தருமபுரி 1965இலும் நாமக்கல் 1997இலும்தான் சேலத்திலிருந்து பிரிந்தன, கிருஷ்ணகிரியோ 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்தது. இத்தகைய வரிகளுக்குப் பின்னாளில் யாரேனும் மாவட்டத்தின் நடுப்புள்ளியை இட்டிருந்தால், அந்த ஆயத்தொலைவுகளை நம்பக் கூடாது.

உங்கள் சொந்தக் குறிப்பேட்டுப் பதிவுகளையும் சேர்ப்பதாயின், பாகை, கலை, விகலை வடிவை தசம வடிவுக்கு மாற்றிக்கொள்ளவும்: கலையை 60ஆலும் விகலையை 3,600ஆலும் வகுத்துப் பாகையோடு கூட்டினால் 11 பாகை 46 கலை 30 விகலை என்பது 11.775 ஆகும். தசமப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் ஏறத்தாழ 11 மீட்டரையும், இரண்டு இலக்கம் ஏறத்தாழ 1.1 கிலோமீட்டரையும் குறிக்கும். அகலாங்கு, நெட்டாங்கு வரிசையும் முக்கியம். நான் முதன்முதலில் செய்த வரைபடத்தில் ஏற்காட்டுச் சின்னான்கள் அனைத்தும் வட துருவத்துக்கு அருகில், ஸ்வால்பார்டு தீவுகளை ஒட்டிய கடலில் மிதந்தன. இரு நெடுவரிசைகளையும் நானே இடம் மாற்றி வைத்திருந்தேன்.

வரைவதற்குச் சில நூறு புள்ளிகள் என்றால் யூமேப் (uMap) என்னும் இலவச வரைபடத் தளம் போதும். நெடுவரிசைகளுக்கு லாட், லான் (lat, lon) என்று ஆங்கிலத்தில் தலைப்பிட்டால் கோப்பைத் தானே புரிந்துகொள்ளும். கூகுள் மை மேப்ஸில் ஓர் அடுக்குக்கு 2,000 வரிகளே செல்லும். பதிவுகள் ஆயிரக்கணக்கில் இருந்தால் கேப்ளர் (kepler.gl) தளத்தையே பரிந்துரைப்பேன். தரவு உங்கள் உலாவிக்குள்ளேயே கையாளப்படுகிறது. அதில் புள்ளிகளுக்குப் பதிலாக அறுகோண அடுக்கைத் தெரிவுசெய்து ஆரத்தை 1 கிலோமீட்டராக வைத்தால், இருபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலைப்பாதையும் ஏரியைச் சுற்றிய பகுதியும் அடர்நிறமாகத் தெரிய வாய்ப்பு அதிகம். அதைப் பார்த்து, சின்னானுக்குத் தார்ச்சாலை பிடிக்கும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அந்த நிறம் மனிதர் நடமாட்டத்தின் நிறமாகவும் இருக்கலாம். அதே செவ்வகத்துக்கு எல்லாப் பறவைகளின் பதிவுகளையும் இறக்கிப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். மற்றப் பறவைகளின் பதிவு நிறைய இருந்தும் செம்மீசையான் இல்லாத கட்டமே அதன் எல்லையைப் பற்றி எதையேனும் சொல்லும்; ஒருவரும் போகாத கட்டம் எதையும் சொல்லாது.

வெளியிடும்போது ஜிபிஃப் பதிவிறக்கத்துடன் தரும் டிஓஐ (DOI) என்னும் நிலையான அடையாள எண்ணைப் படத்தின் கீழே கட்டாயம் இடவும். அரிய ஆர்க்கிட் செடியின் வரைபடமானால், மரத்திலிருந்து பெயர்த்து விற்பவரும் அதைப் பார்ப்பார் என்பதை நினைவில் கொண்டு இடத்தை மங்கலாக்கவும். ஐ-நேச்சுரலிஸ்ட் இத்தகைய இனங்களின் இடத்தை 0.2 பாகைப் பக்கமுள்ள, அதாவது ஏறத்தாழ 22 கிலோமீட்டர் அகலக் கட்டத்துக்குள் மறைத்துவிடுகிறது. நீங்கள் கையால் செய்யும்போது தசமத்துக்குப் பின் ஓர் இலக்கத்தோடு நிறுத்தி, அவ்வாறு செய்திருப்பதைப் படக்குறிப்பில் எழுதிவிடுங்கள்.