இதயத் துடிப்பின் கட்டமும் எதிர்வினை நேரமும்: நீங்களே அளந்து பார்க்கும் முறை

இதயம் சுருங்கி இரத்தத்தை வெளித்தள்ளும்போது, பெருந்தமனி வளைவிலும் கழுத்துத் தமனியிலும் உள்ள அழுத்த உணர்விகள் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. அச்செய்தி புலன்களின் வேலையைச் சற்றே தணிக்கிறது என்பது 1970களில் ஜான் லேசி, பியாட்ரிஸ் லேசி என்ற உளவியலாளர் இணையர் வலியுறுத்திய கருத்து. அது சரியானால், சுருங்கும் கட்டத்தில் ஒளிரும் விளக்கைக் கண்டு பொத்தானை அழுத்தச் சில மில்லி நொடிகள் கூடுதலாகும்.

இதயத்தின் மின்னலைகளைப் பதியும் ஏடி8232 ஈசிஜி தொகுதி, ஆர்டுயினோ என்னும் நிரலேற்றக்கூடிய சிறு மின்னணுப் பலகை, எல்இடி விளக்கு, பொத்தான் ஆகியவை போதும். விளக்குக்குப் பதிலாகக் கணினித் திரையை நான் பரிந்துரைக்கமாட்டேன். 60 ஹெர்ட்ஸ் திரை 16.7 மில்லி நொடிக்கு ஒருமுறைதான் மாறுகிறது, நாம் தேடும் வேறுபாடோ அதைவிடச் சிறியது. ஈசிஜியின் மின்முனைகள் உடலில் இருக்கும்வரை, ஆர்டுயினோவுடன் இணைத்த மடிக்கணினியை மின்னேற்றியில் இணைக்கவே கூடாது.

ஈசிஜியில் கூர்மையாக எழும் ஆர் அலையைக் கண்டறிந்து, அதிலிருந்து 250 மில்லி நொடி கழித்து (சுருங்கும் கட்டம்) ஒருமுறையும் 550 மில்லி நொடி கழித்து (இதயம் தளரும் கட்டம்) ஒருமுறையுமாக, வரிசையைக் குலுக்கிப்போட்டு விளக்கை ஏற்றுங்கள். இடையில் எத்தனை துடிப்புகளை விடுவது என்பதும் மாறிக்கொண்டே இருக்கட்டும்.

நான் இரண்டு வாரம் தடுமாறியது இந்த இடத்தில்தான். முதலில் விரலில் மாட்டும் நாடி உணர்வியைப் பயன்படுத்தி, அது காட்டிய உச்சத்தையே துடிப்பின் தொடக்கமாக எடுத்துக்கொண்டேன். நாடி அலை விரலை எட்டவே ஆர் அலைக்குப் பின் ஏறத்தாழ 200 மில்லி நொடி ஆகிறது, உச்சம் அதற்கும் பிந்தியே வருகிறது. ஆகவே சுருங்கும் கட்டம் என்று நான் குறித்துவைத்தவற்றில் பெரும்பகுதி தளரும் கட்டத்தைச் சேர்ந்தது. முடிவு தலைகீழாக வந்ததில் வியப்பில்லை. ஈசிஜி இல்லாமல் இந்தச் சோதனையில் இறங்க வேண்டாம்.

ஒருவரின் எதிர்வினை நேரமே முறைக்கு முறை 30, 40 மில்லி நொடி ஏறி இறங்கும் என்பதால், ஒவ்வொரு கட்டத்துக்கும் குறைந்தது 200 அளவீடுகள் எடுங்கள். 100 மில்லி நொடிக்கும் குறைவானவை முன்கூட்டியே அழுத்தியவை. அவற்றை நீக்கிவிட்டு, சராசரிக்குப் பதிலாக இடைநிலை மதிப்பை, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பை, ஒப்பிடுங்கள்.

பின்சேர்க்கை: பொத்தானை அழுத்தும் நொடியில் பொய்யான ஆர் அலைகள் பதிவாவதாகச் சிலர் தெரிவித்தனர். மணிக்கட்டில் ஒட்டிய மின்முனை கைத்தசையின் மின்சாரத்தையும் வாங்கிக்கொள்வதே காரணம். மின்முனைகளை மார்புக்கு மாற்றி, முன்பு எடுத்த அளவீடுகளை ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.