டாலி லித்தோகிராஃப் வாங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகப் பிரிண்ட் சேகரிக்கத் தொடங்குகிறவர்கள் ஸ்பானிய ஓவியர் சால்வடார் டாலியின் லித்தோகிராஃபை, அதாவது கல்லில் வரைந்து தாளில் அச்செடுத்த படத்தை, கொண்டுவந்து காட்டும்போது, அவர்கள் விரல் முதலில் போவது வலது கீழ் ஓரத்துப் பென்சில் கையெழுத்துக்குத்தான். சில்லறைத் தவறுகளை விட்டுவிடுகிறேன். இதை விட முடியாது.

கையெழுத்தைப் பார்த்துத் தாளை மறப்பது

டாலி வெற்றுத் தாள்களிலேயே கட்டுக்கட்டாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர். 1974-இல், பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவில் இருக்கும் குட்டி நாடான அந்தோராவுக்குப் போன ஒரு வண்டியைப் பிரான்சில் மடக்கியபோது, அப்படிப்பட்ட 40,000 தாள்கள் அதில் இருந்தன. ஆக, கையெழுத்து அசலாகவே இருந்தாலும், அதற்கு மேலே இருக்கும் படத்தை யார் எப்போது அச்சடித்தார்கள் என்பதற்கு அது சாட்சி ஆகாது. இது ஊரறிந்த பிறகும் கையெழுத்துக்காகவே பணத்தைக் கொட்டுகிறார்களே என்று எனக்கு இன்னும் எரிச்சல்தான்.

ஃபிரேமைக் கழற்றச் சொல்லுங்கள். தாளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஆர்ஷ், ரீவ் என்ற தாள் பெயர்கள் வாட்டர்மார்க்காகத் தெரியும். 1980 வாக்கில் அந்தப் பெயரோடு முடிவிலிக் குறியும் சேர்ந்தது. கிட்டத்தட்ட அதே சமயத்தில் கைநடுக்கம் முற்றி, டாலி பிரிண்ட்களில் கையெழுத்திடுவது நின்றுபோனது. ஒருவர் ‘எழுபதுகளின் பதிப்பு’ என்று சான்றிதழோடு வாங்கி வந்தார். ஜன்னலோரம் பிடித்ததும், படுக்கவைத்த எட்டு மாதிரி அந்தக் குறி பளிச்சென்று தெரிந்தது. விற்றவர் அதற்கப்புறம் போனை எடுக்கவே இல்லை.

குறி இல்லை என்பதாலேயே அசல் என்று முடிவுகட்டவும் கூடாது. முன்பே கையெழுத்திட்ட பழைய தாளில் பிறகு எதையும் அச்சடித்திருக்கலாம். பத்து மடங்கு லென்ஸில் மையைப் பாருங்கள். கல்லில் கிரேயானால் வரைந்து எடுத்தது ஒழுங்கில்லாமல் மணல்மணலாக இருக்கும். சீரான புள்ளி வரிசை தெரிந்தால் அது போட்டோவிலிருந்து எடுத்த ஆஃப்செட் நகல்.

சான்றிதழே போதும் என்பது

விற்கிறவரே அடித்துக் கொடுக்கும் தாள் அது. ஆல்பர்ட் ஃபீல்ட் 1996-இல் வெளியிட்ட டாலி பிரிண்ட் பட்டியலோடு அளவு, தாள் வகை, பதிப்பு எண்ணிக்கை மூன்றும் பொருந்துகிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

சின்ன எண்ணுக்குக் கூடுதல் விலை

பிரிண்டின் ஓரத்தில் 3/300 என்று எண் போட்டிருந்தால் மூன்றாவதாக அச்சானது என்று அர்த்தமில்லை. மொத்தமே 300 என்றும் நினைக்காதீர்கள். ரோமன் எண் போட்டவை, ஓவியர் தனக்கென எடுத்துவைக்கும் பிரதிகள் எல்லாம் தனிக் கணக்கு.

ஃபிரேமுக்காக ஓரத்தை வெட்டுவது

வேண்டாம். வாட்டர்மார்க் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.