எடை குறைப்பு ஆபரேஷன் முடிந்து பல வருடம் கழித்து: சாப்பாட்டு அளவில் செய்யும் தவறுகள்

ஆபரேஷன் முடிந்த முதல் சில மாதங்களில் அளவாகச் சாப்பிடு என்று யாரும் சொல்ல வேண்டியதே இல்லை. நாலு ஸ்பூன் பருப்புத் தண்ணீருக்கே நெஞ்சு அடைத்துக்கொள்ளும். கஷ்டம் தொடங்குவது அப்புறம்தான். மூன்றாவது, நாலாவது வருடத்தில் பார்த்தால் இரண்டு தோசை சுலபமாக இறங்குகிறது, பசி பழையபடி வருகிறது, எடை நாலு கிலோ கூடியிருக்கிறது. பட்ட பாடெல்லாம் வீணாகிவிட்டதோ என்று மனம் பதறும். எனக்கு ஸ்லீவ் என்ற வகை எடை குறைப்பு ஆபரேஷன் செய்து 7 வருடம் ஆகிறது. அந்தப் பதற்றத்தில் நான் செய்த தவறுகளையும், என்னைப் போன்றவர்கள் செய்யக் கண்ட தவறுகளையும்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் தவறு, வயிறு பெரிதாகிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று கைவிடுவது. ஸ்லீவ் முறையில் இரைப்பையின் 75 முதல் 80 சதவீதத்தை எடுத்துவிடுகிறார்கள். வாழைப்பழம் போல ஒரு குழாய்தான் மிஞ்சும். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் அதிகம் சுரக்கும் மேல்பகுதியும் அதோடு போய்விடுவதால், முதல் வருடம் பலருக்குப் பசியே தெரியாது. இன்னொரு வகையான இரைப்பை பைபாஸில் சுமார் 30 மில்லி கொள்ளும் சின்னப் பையைத்தான் இரைப்பையாக விட்டுவைக்கிறார்கள். நாள் போகப் போக இரண்டுமே கொஞ்சம் தளரும், பசியும் திரும்பும். ஒரு வருடம் தாண்டியவர்கள் ஒரு வேளைக்கு ஒரு கப், ஒன்றரை கப் சாப்பிட முடிவது இயல்பு. பெரும்பாலும் 1 முதல் 2 வருடத்துக்குள் எடை அடிமட்டத்தைத் தொடும். அதற்குப் பிறகு சில கிலோ ஏறுவதும் பலருக்கு நடப்பதுதான். இதைத் தோல்வி என்று நினைத்துக் குமைய வேண்டாம்.

ரசம் சாதம் ஏன் ஏமாற்றுகிறது?

நான் நெடுநாள் கவனிக்காமல் விட்டது இது. ராத்திரி ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணம் நிறைய ரசம் சாதம் சாப்பிடுவேன். கிண்ணம் சின்னதுதானே, அளவாகத்தானே சாப்பிடுகிறோம் என்ற நிம்மதி. 8 நிமிடத்தில் கிண்ணம் காலியாகும், ஒரு மணி நேரத்தில் மறுபடி பசிக்கும். ஒருநாள் அதே கிண்ணத்தில் இரண்டு அவித்த முட்டை, கீரைக் கூட்டு, மேலே ஒரு கரண்டி சாதம் வைத்துக்கொண்டேன். முக்கால்வாசிக்கு மேல் போகவில்லை. படுக்கும் வரை பசியும் எடுக்கவில்லை.

கிண்ணம் அதேதான், உள்ளே இருந்ததுதான் வேறு. குழைந்த சாதமும் ரசமும் கஞ்சி போல வழுக்கிக்கொண்டு குடலுக்கு இறங்கிவிடும். வயிற்றில் தங்கவே தங்காது. முட்டை, மீன், கோழி, பன்னீர், சுண்டல் போன்றவை கெட்டியாக நின்று மெதுவாகக் கரையும். அதனால்தான் கிண்ணத்தின் அளவை மட்டும் நம்பினால் கணக்கு தப்பிப்போகிறது.

நம் சாப்பாட்டு முறையும் இதற்கு ஒத்தாசையாக இல்லை. சாதம் மலை போல நடுவில் இருக்கும், கூட்டும் பொரியலும் தொட்டுக்கொள்ள ஓரத்தில் இருக்கும். சாதத்தில் ஆரம்பித்தால் புரதத்துக்கு இடமே மிஞ்சாது. வரிசையைத் திருப்பிப் போடுங்கள்: முதலில் மீனோ முட்டையோ சுண்டலோ, அடுத்து காய், சாதம் கடைசி. பொதுவாக ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் வேண்டும் என்பார்கள். ஒரு இட்லியில் சுமார் 2 கிராம்தான். ஒரு முட்டையில் 6, அரை கப் வேகவைத்த கொண்டைக்கடலையில் 7, 100 கிராம் பன்னீரில் 18 கிராம் அளவுக்கு இருக்கும். காலையில் மூன்று இட்லியோடு எழுந்துவிட்டால் வயிறு நிறைந்திருக்கும், 6 கிராம்தான் சேர்ந்திருக்கும். சைவம் சாப்பிடுபவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கெட்டித் தயிர், சோயா, பயறு என்று ஒவ்வொரு வேளைக்கும் முன்கூட்டியே யோசித்து வைத்தால்தான் எட்டும்.

கொறிப்பது

ஆபரேஷன் முடிந்த புதிதில் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி சாப்பிடு என்பார்கள். அந்த நேரத்துக்கு அது சரியான அறிவுரை. அதையே ஐந்தாவது வருடத்திலும் பிடித்துக்கொண்டிருந்தால் அது கொறிப்பதாக மாறிவிடும். சமையலறைப் பக்கம் போகும்போதெல்லாம் டப்பாவைத் திறந்து ஒரு கை மிக்சர், டீயோடு இரண்டு பிஸ்கட், பிள்ளைகள் மிச்சம் வைத்த முறுக்கு. இவையெல்லாம் வாயிலேயே மாவாகி இறங்கிவிடும், வயிறு நிறைந்ததாகவே தெரியாது. 30 கிராம் மிக்சரில் மட்டும் சுமார் 150 கலோரி. மூன்று வேளையும் அளவாகச் சாப்பிடுகிறேன், எடை ஏன் ஏறுகிறது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, நடுவில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்றுதான். நடுவில் பசித்தால் சாப்பிடுங்கள், தப்பில்லை. ஆனால் தட்டில் போட்டு, உட்கார்ந்து சாப்பிடுங்கள். டப்பாவுக்குள் கைவிட்டு மட்டும் வேண்டாம்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: எடை ஏறிய பயத்தில் காலைச் சாப்பாட்டை விட்டுவிடுவது, ஐந்து நாள் வெறும் திரவம் குடித்தால் வயிறு பழையபடி சுருங்கிவிடும் என்று யாரோ சொன்னதை நம்புவது. அப்படிச் சுருங்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பட்டினி கிடந்துவிட்டு ராத்திரி அவசர அவசரமாகச் சாப்பிடுவதுதான் மிச்சம். அவசரம் இங்கே பெரிய எதிரி. ஒரு வேளைக்கு 20 முதல் 30 நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். போதும் என்ற உணர்வு வந்து சேர அவ்வளவு நேரம் ஆகும். அடைப்பது போல் இருந்தால் தண்ணீர் குடித்துத் தள்ளாதீர்கள், கரண்டியைக் கீழே வைத்துவிடுங்கள். சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம், மோரும் வேண்டாம்; சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துக் குடித்துக்கொள்ளலாம்.

பந்தியில் உட்காரும்போது

கல்யாண வீட்டில் அத்தையோ பெரியம்மாவோ பக்கத்தில் நின்று, "இன்னும் கொஞ்சம் வெச்சுக்கோம்மா, இவ்வளவுதானா சாப்பிடுவே?" என்று கேட்கும்போது மறுப்பது எளிதில்லை. அவர்கள் அன்பில்தான் சொல்கிறார்கள். அதற்காக இலையில் விழுந்ததையெல்லாம் சாப்பிட்டு முடிக்கப் பார்ப்பது தவறு. சாதம் வரும்போதே, "ஒரு கரண்டி போதும்ணா" என்று பரிமாறுபவரிடம் சொல்லிவிடுவது நல்லது. பைபாஸ் செய்தவர்கள் பாயசத்திலும் ஜாங்கிரியிலும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இனிப்பு வேகமாகக் குடலுக்குள் இறங்கினால் 10 முதல் 30 நிமிடத்துக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப் பிடிப்பு வரலாம். சிலருக்கு 1 முதல் 3 மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கி, கை நடுங்கி மயக்கம் வரும். ஸ்லீவ் செய்தவர்களுக்கும் இது வரக்கூடும்.

எல்லாவற்றையும் அளவுக் கோளாறு என்று நினைத்து வீட்டிலேயே சமாளிப்பதும் ஆபத்து. அடிக்கடி வாந்தி, உணவு சிக்கிக்கொள்வது, ராத்திரி நெஞ்செரிச்சல், திடீரென்று முன்பைவிட மிக அதிகமாகச் சாப்பிட முடிவது, இவற்றில் எது இருந்தாலும் ஆபரேஷன் செய்த டாக்டரைப் பாருங்கள். வாந்தி நாள்கணக்கில் நீடித்தால் தயமின் என்ற பி1 வைட்டமின் குறைந்து நரம்பையே பாதிக்கும். பைபாஸ் செய்தவர்களுக்குப் பல வருடம் கழித்தும் கடுமையான வயிற்றுவலி வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உள்ளே குடல் சிக்கியிருக்கலாம்.

வைட்டமின் மாத்திரைகளை நிறுத்திவிட்டவர்களும் நிறையப் பேர். இப்போதுதான் நன்றாகச் சாப்பிடுகிறேனே என்பார்கள். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆகியவை ஆயுள் முழுக்கத் தொடர வேண்டியவை, இரும்புக்கும் கால்சியத்துக்கும் நடுவே 2 மணி நேரம் இடைவெளி விட்டு. வருடம் ஒருமுறை ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது, அதற்கு முந்தைய மூன்று நாள் சாப்பிட்டதை, டீயோடு தின்ற பிஸ்கட் உட்பட, ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். டயட்டீஷியன் அந்தத் தாளை வைத்துத்தான் உங்களுக்கு எந்த வேளையில் கணக்கு தப்புகிறது என்று பார்த்துச் சொல்வார்.