ஊழியத்துக்குப் பணம் தேவையா? நெகேமியா மாதிரி கேளுங்கள்

"தேவன் பார்த்துக்கொள்வார், யாரிடமும் வாய் திறக்க வேண்டாம்" என்று சிலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் ஜார்ஜ் முல்லர் என்ற ஊழியர் யாரிடமும் கேட்காமல்தான் அனாதை இல்லங்களை நடத்தினார். ஆனால் அவர் வரவு செலவுக் கணக்கை அச்சிட்டு வெளியிட்டார் என்பதை இவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்!

வேதாகமத்தில் வரும் நெகேமியா கேட்டவர். எருசலேமின் இடிந்த மதிலைத் திரும்பக் கட்ட, தான் வேலை பார்த்த பெர்சிய ராஜாவிடமே கேட்டார். முதலில் ஜெபம். அப்புறம் ராஜா விசாரித்ததும், திரும்பிவரும் காலம், வழிக்கு வேண்டிய கடிதங்கள், கோட்டை வாசலுக்கு மரம் என்று எல்லாவற்றையும் தெளிவாகச் சொன்னார் (நெகேமியா 2). கிடைத்ததும் அது தேவனுடைய தயவு என்றே எழுதினார். எனக்கு இந்த வழிதான் பிடிக்கும். வாடகை, பஸ் செலவு, பிள்ளைகள் படிப்பு என்று மாதச் செலவை ஒரே தாளில் எழுதி, ஜெபித்துவிட்டு எடுத்துப் போங்கள்.

சேலத்துச் சபைகளில் மாதச் சம்பளக்காரர்கள் அதிகம் என்றால் முதல் வாரம் போகலாம். ஏற்காட்டில் கணக்கு வேறு. காப்பிப் பழம் பறிக்கும் டிசம்பர், ஜனவரியில் கையில் கூலி புழங்கும். வேலை குறைந்த மாதத்தில் எஸ்டேட் வீட்டு வாசலில் போய் நின்றால் அவர்களுக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம். அப்போது ஜெபத்தை மட்டும் கேளுங்கள்.

பணம் வந்தால் அன்றே ரசீது. வரிச்சலுகைப் பதிவு உள்ள அமைப்பு என்றாலும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கொடுத்தவருக்குச் சலுகை கிடைக்காது. வங்கி வழியாக அனுப்பச் சொல்லுங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்ட நம்மூர்க்காரர் அமைப்புக்கு அனுப்புவதும் வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அதை வாங்காதீர்கள்.