ஏற்காட்டில் ஒரே தோட்டம், ஒரு முழு நாள்: குடும்பத்தோடு முதல் தடவை போகிறவர்களுக்கு

சேலத்துக்காரர்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் மறுநாள் காலையில் ஏற்காடு என்பது எழுதாத சட்டம். போவதில் தப்பில்லை, போகிற விதத்தில்தான் எனக்கு வருத்தம். ஏரியில் போட்டிங், லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், ரோஸ் கார்டன், கிளியூர் அருவி, சேர்வராயன் கோயில் என்று ஒரே நாளில் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்று ஓடி, ஒவ்வோர் இடத்திலும் கால் மணி நேரம் நின்று நாலு போட்டோ எடுத்து மறுபடி வண்டியில் ஏறி, கடைசியில் பிள்ளைகள் பின் சீட்டில் தூங்கிப்போய், பாட்டிக்குக் கால் வீங்கி, வீடு வந்து சேர்கிறோம். இந்த முறை ஒரே ஒரு தோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு அரை நாள் கொடுங்கள். அப்படிப் போனால் நாளின் பெரிய செலவு பஸ்ஸும் சாப்பாடும்தான். எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன்.

1. எந்தத் தோட்டம்?

ஏற்காட்டில் பூங்காக்கள் நிறைய. ஏரிக்குப் பக்கத்திலேயே அண்ணா பூங்கா இருக்கிறது, பிள்ளைகள் ஓடி விளையாட நல்ல இடம். ஆனால் நான் சொல்வது இந்தியத் தாவரவியல் ஆய்வகம் (ஆங்கிலச் சுருக்கம் பி.எஸ்.ஐ.) நடத்தும் தேசிய ஆர்க்கிட் தோட்டம். ஆர்க்கிட் என்பது ஒருவகைப் பூச்செடி. தோட்டம் 1963-இல் தொடங்கியது, பரப்பு 18 ஹெக்டேருக்கு மேல், நம் கணக்கில் ஏறக்குறைய 45 ஏக்கர். ஊஞ்சல், சறுக்குமரம், செல்ஃபி பலகையெல்லாம் எதிர்பார்த்துப் போகாதீர்கள். செடிகளைக் காப்பாற்றவும் ஆராயவும் வைத்திருக்கிற இடம் அது, அதனால்தான் எனக்குப் பிடிக்கும். ஏற்காட்டில் ஆட்டோக்காரரிடம் வெறுமனே 'கார்டன்' என்றால் வேறு பூங்காவில் இறக்கிவிட்டுவிடுவார், 'பி.எஸ்.ஐ. ஆர்க்கிட் தோட்டம்' என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

மத்திய அரசு அலுவலகத்தின் தோட்டம் என்பதால் விடுமுறை நாள் விஷயத்தில் கவனம் வேண்டும். அன்றைக்குத் திறந்திருக்குமா, பார்வையாளர்களை எத்தனை மணி வரை விடுவார்கள், கட்டணம் ஏதாவது உண்டா என்று முந்தின நாளே போனில் கேட்டுவிடுங்கள்.

2. எந்த மாதம், எந்த நாள்?

மே மாதக் கோடை விழா சமயத்தில் மலர்க் கண்காட்சி பிரமாதமாக இருக்கும், ஆனால் கூட்டமும் அப்படியே இருக்கும். கைக்குழந்தையோ வயதானவர்களோ கூட வந்தால் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடலாம். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை, மலைப்பாதையில் மண் சரியவும் வாய்ப்புண்டு, எனவே வானிலை அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கோடை மழை ஒன்றிரண்டு பெய்த பிறகு மார்ச், ஏப்ரலில் போனால் வழியெல்லாம் எஸ்டேட்டுகளில் காப்பிச் செடி வெள்ளை வெளேரென்று பூத்திருக்கும், மல்லிகை மாதிரி ஒரு வாசனை காருக்குள்ளேயே வரும். ஆர்க்கிட்டில் ஒவ்வோர் இனமும் ஒவ்வொரு காலத்தில் பூப்பது, எந்த மாதம் போனாலும் பூத்தது கொஞ்சம், பூக்காதது நிறைய என்றுதான் இருக்கும். அதைப் பிள்ளைகளிடம் முன்னாடியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பூ எங்கே பூ எங்கே என்று ஏமாந்துபோவார்கள்.

3. மலை ஏறுவது

சேலத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். அடிவாரம் தாண்டியதும் 20 கொண்டை ஊசி வளைவுகள். புது பஸ் ஸ்டாண்டிலிருந்து அரசு பஸ் இருக்கிறது. காலை முதல் பஸ்களில் ஒன்றைப் பிடித்தால் உட்கார இடமும் கிடைக்கும், வெயிலும் ஏறியிருக்காது.

வாந்தி வருகிற பிள்ளைகளுக்கு வயிற்றைக் காயப்போடவும் வேண்டாம், பூரி மசாலா என்று நிரப்பவும் வேண்டாம். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி போதும். முன் சீட்டுகளில் உட்கார வைத்து தூரத்து ரோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள், போனைக் கையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள், ஏனென்றால் கண் அசையாத திரையைப் பார்க்க, காதுக்குள்ளே இருக்கிற சமநிலை உறுப்பு வண்டி வளைவதை உணர, இரண்டுக்கும் ஒத்துப்போகாமல்தான் தலை சுற்றுகிறது.

சொந்த வண்டியில் போகிறவர்கள் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை. வளைவுக்கு முன்னாடி ஹாரன் அடியுங்கள். வழியில் குரங்குகள் உட்கார்ந்திருக்கும், ஜன்னலைத் திறந்து பிஸ்கட் போடாதீர்கள். அப்படிப் போட்டுப் பழக்கியதால்தான் அவை காட்டுக்குள் தீனி தேடாமல் ரோட்டோரமே கதி என்று கிடந்து வண்டியில் அடிபடுகின்றன.

4. பையில் என்ன?

புளி சாதம், தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், கொறிக்க ஒரு டப்பா தட்டுவடை. தண்ணீரை ஸ்டீல் பாட்டிலில் எடுங்கள். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாடு முழுக்க 2019 முதல் தடை இருக்கிறது, மலையில் அதைக் கூடுதல் அக்கறையோடு கடைப்பிடிக்க வேண்டும். எலுமிச்சம்பழம், குடை, ஆளுக்கொரு ஸ்வெட்டர், பாட்டி தாத்தாவுக்கு வழுக்காத செருப்பு. அப்புறம் பிள்ளைகளுக்கு ஒரு சின்ன நோட்டும் பென்சிலும், இதை மறந்துவிடாதீர்கள்.

5. தோட்டத்துக்குள்ளே

உள்ளே போனதும் வேகத்தைக் குறையுங்கள். செடிகளுக்குப் பக்கத்தில் பெயர்ப் பலகை இருந்தால் படியுங்கள். தாவரவியல் பெயர், குடும்பம், எந்த ஊரிலிருந்து வந்தது என்பது போன்ற விவரங்கள் இருக்கும். ஒவ்வொரு பிள்ளையும் தனக்குப் பிடித்த ஒரு செடியைத் தேர்ந்தெடுத்து அதன் பெயரை நோட்டில் எழுதி, இலையைப் படமாக வரையட்டும். போட்டோ எடுத்தால் ஒரு நொடி, வரைய ஆரம்பித்தால் நரம்பு எப்படி ஓடுகிறது, ஓரம் பல் பல்லாக இருக்கிறதா என்று பத்து நிமிடம் அந்த இலையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஆர்க்கிட்டில் முதலில் பூவைக் காட்டாதீர்கள், வேரைக் காட்டுங்கள். பல ஆர்க்கிட்டுகள் மண்ணில் வளர்வதில்லை, மரத்தில் தொற்றிக்கொண்டு வளர்கின்றன, வேர் காற்றில் தொங்கும். அந்த வேருக்கு மேலே வெள்ளி நிறத்தில் பஞ்சு மாதிரி ஓர் உறை இருக்கிறதே, அதுதான் மழைத் தண்ணீரையும் பனி ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்கிறது. 'அப்போ இது நம்ம மாமரத்துப் புல்லுருவி மாதிரியா?' என்று வீட்டுப் பெரியவர்கள் கட்டாயம் கேட்பார்கள். இல்லை. புல்லுருவி மரத்துக்குள் வேரை இறக்கி அதன் சாற்றைக் குடிக்கிறது, ஆர்க்கிட்டுக்கு மரம் உட்கார ஓர் இடம் மட்டும்தான், தன் சாப்பாட்டைத் தானே தயாரித்துக்கொள்கிறது.

பிள்ளைகளுக்கு இன்னொன்று சொல்லுங்கள்: வெனிலா ஐஸ்கிரீமில் இருக்கிற வெனிலாவும் ஓர் ஆர்க்கிட் கொடியின் காய்தான். ஆர்க்கிட் விதை தூசி மாதிரி இருக்கும், முளைக்கத் தேவையான உணவு அதற்குள்ளே இல்லை, மண்ணிலோ மரப்பட்டையிலோ இருக்கிற ஒருவகைப் பூஞ்சை கூடச் சேர்ந்தால்தான் முளைக்கும். காட்டிலிருந்து ஒரு ஆர்க்கிட்டைப் பிய்த்து வந்து வீட்டில் வைத்தால் சாகிறதே, காட்டில் அந்த இடத்தில் இன்னொன்று சுலபமாக முளைக்காது. வழியில் யாராவது காட்டு ஆர்க்கிட் விற்றால் தயவுசெய்து வாங்காதீர்கள். ஆசை இருந்தால் நர்சரியில் வளர்த்த செடியாகக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது குடுவைச் செடி. இந்தியாவில் இயற்கையாக மேகாலயா மலைகளில் வளர்வது, இங்கே வைத்து வளர்க்கிறார்கள். இலையின் நுனிதான் நீண்டு, தொங்கி, மூடியோடு ஒரு குடுவையாகிறது. விளிம்பில் வழுக்கி உள்ளே விழுகிற பூச்சி அடியில் இருக்கிற திரவத்தில் கரைந்துபோகும். சத்தில்லாத மண்ணில் வளர்வதால் தழைச்சத்தை இப்படித் தேடிக்கொள்கிறது. விரலை விட்டுப் பார்க்கப் பிள்ளைகளுக்குக் கை பரபரக்கும், தொட்டுத் தொட்டே குடுவை கெட்டுவிடும் என்று சொல்லித் தடுங்கள்.

முடிந்தால் அங்கே வேலை செய்கிறவர்களிடம் 'வெர்னோனியா சேர்வராயென்சிஸ் எங்கே இருக்கிறது?' என்று கேட்டுப் பாருங்கள். ஏற்காடு இருக்கிற இந்தச் சேர்வராயன் மலையின் பெயரையே தாங்கி நிற்கிற மரம் அது. குறிஞ்சியையும் கேளுங்கள், நீலக்குறிஞ்சி பூக்க 12 ஆண்டு ஆகும் என்பதால் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் வெறும் இலையாகத்தான் இருக்கும், இருந்தாலும் செடியைப் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

6. சாப்பாடும் மதியமும்

தோட்டத்துக்குள் சாப்பாட்டைப் பிரிக்காதீர்கள். ஏரிப் பக்கம் வந்து நிழல் பார்த்து உட்காருங்கள், சாதப் பையை மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள், குரங்கு எந்தப் பக்கமிருந்து வரும் என்று சொல்ல முடியாது. பிறகு சூடாக மிளகாய் பஜ்ஜி, ஒரு காப்பி. பெரியவர்கள் உட்கார்ந்து பேசட்டும், பிள்ளைகள் ஏரிக்கரையில் நடந்துவிட்டு வரட்டும். எஸ்டேட் வேலிக்குள் மட்டும் போக வேண்டாம், அது தனியார் நிலம், காட்டெருமையும் நடமாடும்.

7. இறங்குவது

நேரம் இருந்தால் லேடீஸ் சீட்டில் மட்டும் நில்லுங்கள், கீழே வளைந்து வளைந்து வந்த ரோடும் சேலம் ஊரும் தெரியும். இருட்டும் வரை காத்திருக்க வேண்டாம், சாயங்காலம் பனிமூட்டம் இறங்கினால் பத்தடி தூரம்கூடத் தெரியாது. எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். பஸ்ஸில் போகிறவர்கள் கடைசி பஸ்ஸை நம்பாமல் அதற்கு முந்தின பஸ்ஸுக்கே வந்து நில்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை என்றால் இன்னும் அரை மணி நேரம் முன்னதாக.